மூன்றாம் நாளில் வீட்டுக்குப் போனவர்கள்

ஈரலில் லேப்ராஸ்கோப்பி கற்றுக்கொள்ள வந்திருக்கும் உங்களிடம், நான் செய்த நல்ல அறுவைகளைப் பற்றிப் பேசிப் பயனில்லை. அவற்றை உங்கள் ஆசிரியர்கள் என்னைவிடச் சிறப்பாகச் செய்கிறார்கள். திரையில் போட்டும் காட்டுகிறார்கள். என்னிடம் இருப்பது வேறு சரக்கு. தாம்பரத்துக்கும் பல்லாவரத்துக்கும் நடுவே ஒரு தனியார் மருத்துவமனையில் முப்பது வருடம் வயிற்று அறுவை செய்தவன் நான். அந்த முப்பது வருடத்தில் சில தடவை, என் சொந்தக் கைகளைப் பார்த்து நானே திகைத்து நின்றிருக்கிறேன். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் பக்கத்துக்கு லேப்ராஸ்கோப்பி கருவி வந்த புதிது. அதுவரை பித்தப்பையில் கல் என்றால் விலாவுக்குக் கீழே ஒரு சாண் வெட்டுவோம். பத்து நாள் படுக்கை. கருவி வந்த பிறகு நாலு சின்னத் துளைகள், ஒன்றின் வழியே கேமரா, வெளியே திரை, மூன்றாம் நாள் வீடு. ஜனங்களுக்கு அது மாயமாகத் தெரிந்தது. பம்மலிலிருந்தும் குரோம்பேட்டையிலிருந்தும் வந்து, வெட்டாமல் ஆபரேஷன் செய்கிற டாக்டர் யார் என்று வரவேற்பறையில் கேட்பார்கள். அந்தக் கேள்வி காதில் விழட்டும் என்று நான் வேலையில்லாமல் அந்தப் பக்கம் நடந்ததும் உண்டு.

பித்தப்பை ஈரலின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் உறுப்பு. அதை எடுக்கும்போதெல்லாம் ஈரல் திரையில் பளபளவென்று, எட்டினால் தொடும் தூரத்தில் இருக்கும். அடுத்தது இதுதான் என்று தோன்றிவிடும். எனக்கும் தோன்றியது. ஈரலில் வரும் சாதாரண நீர்க்கட்டியின் மேல்தோலை வெட்டித் திறந்துவிடும் அறுவையை இரண்டு நாள் பயிற்சி முகாமில் பார்த்துவிட்டு வந்து, நானும் தொடங்கினேன். முதல் சில பேருக்கு எல்லாம் நன்றாகவே போயிற்று. அதுதான் எனக்கு வினையாகப் போயிற்று.

அப்போது வந்தவர் மல்லிகா. முப்பத்து நான்கு வயது. பம்மலில் ஒரு தோல் கம்பெனியில் ஆட்டுத்தோல் தரம் பிரிக்கும் வேலை. கணவர் ஏழுமலையும் அங்கேயே சுமை தூக்குபவர். வலது விலாவுக்குள் பாரமாக இருக்கிறது, குனிந்தால் மூச்சு முட்டுகிறது என்றார் மல்லிகா. ஸ்கேன் எடுத்தோம். ஈரலின் வலப்பக்கத்தில் ஒரு தேங்காய் அளவுக்கு நீர்க்கட்டி.

ஸ்கேன் அறிக்கையில் சாதாரண நீர்க்கட்டி என்றுதான் எழுதியிருந்தது. ஆனால் கடைசி வரியில், கட்டிக்குள்ளே மெல்லிய தடுப்பு ஒன்று இருப்பதுபோல் தெரிகிறது, இன்னொரு முறை பார்ப்பது நல்லது என்றும் இருந்தது. அந்த வரியை நான் கவனிக்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. படித்தேன். படித்துவிட்டுத்தான் தாண்டிப் போனேன்.

மல்லிகா என்னிடம் ஒரே ஒரு சந்தேகம் கேட்டார். எத்தனை நாள் கழித்துத் தண்ணீர்க் குடம் தூக்கலாம் என்று. நான் சிரித்துக்கொண்டே, மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகலாம், பத்தாம் நாள் குடம் தூக்கலாம் என்றேன். நான் அவரிடம் எதையும் கேட்கவில்லை. வீடு எங்கே, சுற்றிலும் என்ன இருக்கிறது, நாய் வளர்க்கிறீர்களா என்று கேட்க ஒரு நிமிடம் ஆகியிருக்கும்.

அறுவை நாளன்று தியேட்டரில் பார்வையாளர்கள் இருந்தார்கள். அக்கம்பக்கத்து மருத்துவமனைகளிலிருந்து இரண்டு அறுவை மருத்துவர்கள், கருவி விற்ற கம்பெனியின் ஆள் ஒருவர். மூன்று பேரும் டிவி பெட்டி முன்னால் நின்றிருந்தார்கள். மயக்க மருந்து கொடுத்தவர் டாக்டர் நளினி. என்னைவிடப் பத்து வயது இளையவர், எங்களிடம் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதிகம் பேசமாட்டார். இன்று உங்களிடம் இருக்கும் கண்காணிப்புக் கருவிகளில் பாதிகூட அன்று எங்களிடம் கிடையாது. நோயாளிக்குக் காற்றுச் செலுத்தும் ரப்பர் பையை நளினி ஒரு கையில் பிடித்துக்கொண்டே இருப்பார். மறு கை மணிக்கட்டு நாடியில்.

கேமரா உள்ளே போயிற்று. கட்டி திரையில் அழகாகத் தெரிந்தது. முதலில் ஊசி போட்டு நீரை இழுத்தேன். வந்த நீரைப் பார்த்ததும் என் கை ஒரு கணம் நின்றது. சாதாரணக் கட்டியின் நீர் லேசான மஞ்சளாக இருக்கும். இது மலைச்சுனைத் தண்ணீர்போல் இருந்தது. அத்தனை தெளிவு. ஊசி இறங்கிய இடத்தைச் சுற்றி அது கசிந்து வயிற்றுக்குள் வழிவதையும் திரையில் பார்த்தேன். அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். பின்னால் நின்றவர்களில் ஒருவர், நல்ல சுத்தமான கட்டி என்றார். நான் கத்திரியை வைத்துக் கட்டியைத் திறந்தேன்.

உள்ளிருந்து முட்டையின் உள்தோல்போல் வெள்ளைச் சவ்வு ஒன்று எழும்பி வந்தது. அதனோடு, தோல் உரித்த திராட்சைபோல் குட்டிக்குட்டி உருண்டைகள் நழுவி விழுந்தன.

உங்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். அது சாதாரண நீர்க்கட்டி அல்ல, ஹைடாடிட். நாயின் குடலில் வாழும் ஒரு பொடி நாடாப்புழுவின் முட்டை மனித வயிற்றுக்குள் போய், ஈரலில் தங்கி, வருடக்கணக்கில் ஊதி வளரும் கட்டி. அதன் நீர் வயிற்றுக்குள் சிந்தினால் இரண்டு ஆபத்து. உடனே வருவது ஒவ்வாமை அதிர்ச்சி, சில நிமிடங்களில் ஆளைக் கொன்றுவிடும். மெதுவாக வருவது இன்னொன்று. நீர் சிந்திய இடமெல்லாம் விதை விழுந்ததுபோல் புதுக் கட்டிகள் முளைக்கும். மேற்படிப்பின் வாய்மொழித் தேர்வில் இதை மூச்சு விடாமல் ஒப்பித்து நல்ல பேர் வாங்கியவன் நான்.

திரையைப் பார்த்தபடி நான் உறைந்து நிற்கும்போது, நளினி, பை இறுகுகிறது என்றார். காற்று உள்ளே போக மறுக்கிறது என்று பொருள். நாடி வேகமாக ஓடுகிறது, இரத்த அழுத்தம் இறங்குகிறது என்றார் அடுத்து. மல்லிகாவின் தோளை மூடியிருந்த துணியை விலக்கிப் பார்த்தார். தோள் முழுக்கத் திட்டுத்திட்டாகச் சிவந்திருந்தது.

என் மனதில் என்ன ஓடியது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். நோயாளி சாகக்கூடும் என்பது முதலில் ஓடவில்லை. மூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் முதலில் ஓடியது. அந்தச் சவ்வை உறிஞ்சி எடுத்துவிட்டால் துளைவழியாகவே முடித்துவிடலாம், வயிற்றை வெட்ட வேண்டியிராது என்று கணக்குப் போட்டேன்.

“ரெண்டு நிமிஷம் குடு நளினி, இத எடுத்துடறேன்” என்றேன்.

“ரெண்டு நிமிஷம் இவங்ககிட்ட இல்ல சார்” என்றார் நளினி. குரலை உயர்த்தவில்லை. “கேஸ நிறுத்துங்க. கைய வெளிய எடுங்க.”

என்னைவிட இளையவர் ஒருவர், அதுவும் அந்நியர்கள் முன்னால், என்னிடம் அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை. நான் கையை எடுத்தேன். வயிற்றை உப்பவைத்திருந்த வாயுவை வெளியேற்றினோம். நளினி அட்ரினலின் ஏற்றினார். ஒரு ஊசி, இன்னொரு ஊசி, பிறகு சலைன் பாட்டில்களை அழுத்திப் பிழிந்து ஏற்றச் சொன்னார். சிஸ்டர் ஒருவர் பாட்டிலைப் பிழிந்துகொண்டே உதட்டுக்குள் ஜெபம் செய்வது கேட்டது. நளினியின் விரல் மணிக்கட்டை விட்டுக் கழுத்துக்குப் போயிருந்தது. மணிக்கட்டில் நாடி கிடைக்கவில்லை. கருவி கம்பெனி ஆள் எப்போது வெளியே போனார் என்று தெரியாது.

எத்தனை நேரம் என்று கேட்டால் ஒரு யுகம் என்பேன். நளினியைக் கேட்டால் சரியான நிமிடம் சொல்வார். கழுத்து நாடி மெல்ல வலுத்தது. பை இளகியது. கொஞ்சம் நிலைகொண்ட பிறகு, இப்போது திறக்கலாம் சார் என்றார். விலாவுக்குக் கீழே வெட்டி, சுற்றிலும் உப்புநீரில் நனைத்த துணிகளை அடைத்து, கட்டியின் சவ்வைத் துண்டு விடாமல் எடுத்தேன். வயிற்றைத் திரும்பத் திரும்பக் கழுவினேன். ஆரம்பத்திலேயே செய்திருக்க வேண்டிய அறுவை அது.

வெளியே வந்து ஏழுமலையிடம், எதிர்பாராத சிக்கல், பெரிதாக வெட்ட வேண்டியதாயிற்று, இப்போது உயிருக்குப் பயமில்லை என்றேன். பிறகு, கேட்க வேண்டிய கேள்வியைக் கடைசியாகக் கேட்டேன்.

“நாய்ங்களா? வூட்டாண்ட நெறைய கீது சார்” என்றார் அவர். “பக்கத்துலயே ஆடு அறுக்குற எடம். அதுங்க அங்க தின்னுட்டு வந்து எங்க வாசல்லதான் படுக்கும். இவதான் தண்ணி வெப்பா.”

நாற்காலி எதுவும் இல்லாததால் நான் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

மல்லிகா பிழைத்தார். பதினொன்றாம் நாள் நடந்து வீட்டுக்குப் போனார். புழுவுக்கான அல்பெண்டசோல் மாத்திரையை மூன்று மாதத்துக்கு எழுதிக் கொடுத்தேன். முழுக்கச் சரியாகிவிட்டது, கவலை வேண்டாம் என்றேன். இருவரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அந்தக் கும்பிடை நான் வாங்கிக்கொண்டேன்.

அடுத்த சில மாதங்களில் எங்கள் வட்டார மருத்துவர் சங்கக் கூட்டம் நடந்தது. ஈரல் நீர்க்கட்டிகளுக்கான லேப்ராஸ்கோப்பி பற்றி என்னைப் பேசச் சொன்னார்கள். மல்லிகாவின் கதையையும் சொன்னேன். ஒருவருக்கு மட்டும் வயிற்றைத் திறக்க நேர்ந்தது, அவரும் முழுக்கக் குணமடைந்தார் என்றேன். கைதட்டினார்கள். கூட்டம் கலைந்த பிறகு நளினி என்னிடம் வந்து, சிந்தின தண்ணீரைப் பற்றி நீங்கள் சொல்லவில்லையே சார் என்றார். அதுதான் கழுவிவிட்டோமே, மாத்திரையும் கொடுத்தோமே என்றேன். நளினி தலையசைத்துவிட்டுப் போனார். அந்தத் தலையசைப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்று வருடம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை, புறநோயாளிகள் கூட்டத்தில் மல்லிகாவும் ஏழுமலையும் நின்றிருந்தார்கள். மல்லிகா இளைத்திருந்தார். வயிறு மட்டும் முன்னால் வந்திருந்தது. தொப்புளுக்குப் பக்கத்தில், அன்று கேமராவுக்காக நான் துளை போட்ட தழும்பில், எலுமிச்சை அளவுக்கு ஒரு கட்டி. தொட்டுப் பார்த்தேன். வழுவழுவென்று உருண்டது. அதன் கீழே, வயிற்றுக்குள், இன்னும் சில.

எப்போதிலிருந்து இது என்று கேட்டேன். ரொம்ப நாளாக என்றார் மல்லிகா. பிறகு ஏன் என்னிடம் வரவில்லை என்றேன், கொஞ்சம் அதட்டலாகவே. மல்லிகா பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். எங்கள் மருத்துவமனையின் சீட்டுகளை எல்லாம் ஒன்றுவிடாமல் சேர்த்துவைத்திருந்தார். அதிலிருந்து ஒன்றை உருவி நீட்டினார். அறுவை முடிந்து எட்டாம் மாதம் போட்ட சீட்டு. தொப்புள் தழும்பில் சின்னக் கடினம் என்று நோயாளியின் புகாரை நர்ஸ் எழுதியிருந்தார். அதன் கீழே ஆங்கிலத்தில் மூன்று சொற்கள். வெறும் தழும்புதான், தைரியம் சொல்லி அனுப்பினேன் என்று பொருள். கையெழுத்து என்னுடையது.

எனக்கு அந்த நாள் நினைவே இல்லை. இன்றுவரை இல்லை. என் கையெழுத்து இல்லாவிட்டால் நான் நம்பியிருக்கமாட்டேன்.

மாத்திரையைப் பற்றிக் கேட்டேன். மூன்று மாதமும் சாப்பிட்டீர்களா என்று.

“ஒரு மாசம் துன்னேன் சார்” என்றார் மல்லிகா. “அப்பறம் பாத்தா, இஸ்கூல்ல புள்ளைங்களுக்குக் குடுக்குற பூச்சி மாத்திரதான் அது. மீதிய பக்கத்து வூட்டுப் பசங்களுக்குக் குட்த்துட்டேன்.”

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த மாத்திரை எதற்கென்று நான் அவருக்குச் சொல்லவே இல்லை. சொல்ல வேண்டுமானால், உன் வயிற்றுக்குள் அந்த நீரைச் சிந்தவிட்டேன் என்று தொடங்க வேண்டும். அதைத் தவிர்க்கத்தான் மாத்திரைச் சீட்டை மட்டும் நீட்டினேன். அது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஸ்கேன் படம் வந்தது. வயிறு முழுக்கச் சிதறிய கட்டிகள். இருவரையும் என் அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினேன். இந்த முறை எல்லாவற்றையும் சொன்னேன். அறிக்கையின் கடைசி வரியைத் தாண்டிப் போனது, ஊசி போட்டபோது கசிந்தது, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாதது, இப்போது வயிற்றில் இருப்பது அந்த நீரிலிருந்து முளைத்தது என்பது வரை.

மல்லிகா கேட்டார். “அன்னிக்கே தெரிஞ்சிகினுதான் அனுப்புனீங்களா சார்?”

“மறுபடி வரலாம்னு தெரியும். வராதுன்னு நம்பினேன்” என்றேன்.

ஏழுமலை நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். பெரிய உடம்புக்காரர். என்னை அடித்தால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன்.

“நம்புனத சொன்னீங்க” என்றார். “தெரிஞ்சத சொல்லலியே சார்.”

அவ்வளவுதான். அவர் அடிக்கவில்லை, திட்டவில்லை. மனைவியின் சீட்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கி உறைக்குள் வைத்தார். இனி உங்களிடம் ஆபரேஷன் வேண்டாம், எங்கே போகட்டும் என்று சொல்லுங்கள் என்றார்.

நகரத்தில் ஒரு பெரிய அரசு மருத்துவமனையில் ஈரல் அறுவையே வாழ்க்கையாக இருந்த ஒரு மருத்துவர் இருந்தார். நானே போய் அவரைப் பார்த்தேன். நடந்ததை எழுதிக் கொடுத்தேன், எதையும் விடாமல். மல்லிகாவும் ஏழுமலையும் சம்மதித்தால் அறுவையின்போது உதவிக்கு நிற்கிறேன் என்றேன். மல்லிகாதான் சம்மதித்தார். மேசையின் எதிர்ப்பக்கம் நின்று வயிற்றைத் திறந்து பிடித்துக்கொண்டேன். அந்த மருத்துவர் கட்டிகளை ஒவ்வொன்றாக, உடையாமல், குழந்தையைத் தூக்குவதுபோல் எடுத்துப் பாத்திரத்தில் வைத்தார். காலையில் தொடங்கியது மாலைவரை நீண்டது. ஒவ்வொரு கட்டியும் பாத்திரத்துக்குப் போகும்போது, இது நான் போட்டது என்று எனக்குள் ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

கை கழுவும்போது அந்த மருத்துவர் என்னைக் குறை சொல்லவில்லை. இந்தக் கட்டிகளை லேப்ராஸ்கோப்பியில் எடுக்கவே கூடாது என்றும் சொல்லவில்லை. சரியான ஆளைத் தேர்ந்தெடுத்து, முன்கூட்டியே மருந்து கொடுத்து, சிந்தாமல் எடுக்கும் வழியோடு போனால் ஒரு நாள் அதுவும் நல்ல அறுவையாகலாம் என்றார். பிறகு சாதாரணமாக ஒன்று கேட்டார். “உங்க மத்த லிவர் கேஸெல்லாம் எப்படி இருக்காங்க?”

எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். எனக்குத் தெரியாது. தையல் பிரித்த நாளுக்குப் பிறகு அவர்களில் பெரும்பாலோரை நான் பார்த்ததே இல்லை. பார்க்காததைத்தான் நன்றாக இருக்கிறார்கள் என்று இத்தனை வருடம் மேடையில் சொல்லிக்கொண்டிருந்தேன். குழாயை மூடாமல் அப்படியே நின்றேன்.

திரும்பி வந்து பதிவேட்டைப் புரட்டினேன். விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான் அவர்கள். எல்லோருக்கும் அஞ்சலட்டை எழுதினேன். உங்கள் உடல்நிலை எப்படி இருக்கிறது என்று அறிய விரும்புகிறேன், வசதிப்படும்போது வந்து போகவும் என்று. சிலர் நேரில் வந்தார்கள். அவர்களுக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்தோம், நன்றாகவே இருந்தார்கள். ஒருவர் வீடு மாறிப் போயிருந்தார், அட்டை திரும்பி வந்தது. ஒரே ஒரு அட்டைக்குப் பதிலும் வரவில்லை, அட்டையும் திரும்பவில்லை.

அது சேலையூரில் குடியிருந்த வரதராஜன் என்பவருக்கு எழுதியது. ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். மல்லிகா திரும்பி வருவதற்கு ஒரு வருடம் முன்னால் அவருக்கு ஈரலில் சாதாரண நீர்க்கட்டிக்கு லேப்ராஸ்கோப்பி செய்திருந்தேன். அவருடையது உண்மையிலேயே சாதாரணக் கட்டிதான். இரத்தம் சிந்தாத, அலுங்காத அறுவை. மூன்றாம் நாள் சட்டையை இன் செய்துகொண்டு, வார்டில் எல்லோரிடமும் விடைபெற்று நடந்தே வாசலுக்குப் போனார். நான் வாசல்வரை கூடவே போய்க் கைகுலுக்கினேன். என் நோயாளிகளிலேயே நீங்கள்தான் முதல் ரேங்க் சார் என்றேன். ஏழாம் நாள் தையல் பிரிக்க வந்தார். “ஒண்ணும் தொந்தரவு இல்லையே?” என்று கேட்டேன். இல்லை என்றார். அவருடைய படத்தைத்தான் பிறகு எல்லாக் கூட்டங்களிலும் காட்டினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வீட்டைத் தேடிப் போனேன். சிறிய தனி வீடு. அவர் மனைவி கதவைத் திறந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, வாங்க டாக்டர் என்று உள்ளே அழைத்தார். கூடத்துச் சுவரில் வரதராஜனின் படத்துக்கு மாலை போட்டிருந்தது.

உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேனா என்று நினைவில்லை. அவர் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் கேட்காமலே சொன்னார். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே வலது பக்கம் வலி தொடங்கியிருக்கிறது. பிறகு லேசான ஜுரம். தையல் பிரித்த அன்றும் ஜுரம் இருந்திருக்கிறது, மாத்திரை போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். இரண்டு வாரத்தில் கண் மஞ்சளாயிற்று. திருச்சியில் இருக்கும் மகன் வந்து அழைத்துப் போய் அங்கே ஒரு மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார். வயிற்றுக்குள் பித்தநீர் கசிந்து தேங்கிச் சீழ் பிடித்திருக்கிறது என்றார்களாம். குழாய் போட்டு எடுத்தும் தாங்கவில்லை. அறுவை முடிந்த நாற்பதாம் நாள் இறந்திருக்கிறார்.

கட்டியின் சுவரை வெட்டும்போது பித்தநாளம் ஏதாவது திறந்துகொண்டதா என்று நின்று பார்த்திருக்க வேண்டும். வெள்ளைத் துணியை ஒற்றி எடுத்தால் மஞ்சள் கறை காட்டிக் கொடுத்திருக்கும். ஏழாம் நாள் அவர் வயிற்றில் கை வைத்து அழுத்திப் பார்த்திருந்தாலும் போதும். அப்போதும் காப்பாற்றியிருக்கலாம். இவ்வளவும் அந்தக் கூடத்தில் ஒரே மூச்சில் என் தலைக்குள் வந்தது. அவர் இறந்த பிறகு எத்தனை கூட்டங்களில் அவர் படத்தைக் காட்டினேன் என்பதும் வந்தது.

இத்தனை நடந்திருக்கிறது, ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன். தையல் பிரிக்க வந்தபோதாவது சொல்லியிருக்கலாமே என்றேன்.

அந்த அம்மா காபி டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

“நானும் சொன்னேன் டாக்டர், போய்ச் சொல்லுங்கோன்னு. வேண்டாம்னுட்டார்” என்றார். “நீங்க அவ்ளோ சந்தோஷமா வாசல்வரைக்கும் வந்து வழியனுப்பிச்சீங்களாமே. வலிக்கறதுன்னு சொன்னா உங்க மனசு கஷ்டப்படும்னார்.”

மல்லிகாவைப் பற்றிக் கேட்பீர்கள். அவர் பிழைத்தார். மாத்திரையை இந்த முறை மாதக்கணக்கில் சாப்பிட்டார். எதற்கென்று தெரிந்து சாப்பிட்டார். நளினி அவரை வருடா வருடம் ஸ்கேனுக்கு வரவழைப்பார். நான் ஓய்வு பெறும்வரை அவர் வயிறு சுத்தமாக இருந்தது. ஏழுமலை கூட வருவார், என் அறைக்கு வெளியிலேயே நிற்பார். கடைசிவரை உள்ளே வந்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நான் யாரிடமும் ‘ஒண்ணும் தொந்தரவு இல்லையே’ என்று கேட்டதில்லை. அந்தக் கேள்விக்கு நம் ஜனங்கள் ஒரே பதில்தான் சொல்வார்கள், நம்மைச் சங்கடப்படுத்தாமலிருக்க. எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். வலிக்கவில்லை என்றால் அவர்களே சொல்லட்டும். உங்கள் கருவிகள் எங்களுடையவற்றைவிட எவ்வளவோ மேல். உங்கள் கைகளும் அப்படித்தான் இருக்கும். ஆனால் மூன்றாம் நாள் நடந்து போனவர்களைப் பற்றி நாற்பதாம் நாள் உங்களுக்கு என்ன தெரியும்? பேச்சு முடிந்ததும் முதலில் அதைப் போய்ப் பாருங்கள். கைதட்ட வேண்டாம்.